கூட்டெழுத்த வெச்சு விளையாடுறது எப்படி: க்ஷ-வ உடைக்கிறதுல ஆரம்பிச்சு உங்க பேர ஒட்டுறது வரைக்கும்

தமிழ்ல கூட்டெழுத்து எத்தனைன்னு யார கேட்டாலும் டக்குனு வர்ற பதில் ரெண்டு, க்ஷ ஒண்ணு, ஸ்ரீ ஒண்ணு, ரெண்டுமே சமஸ்கிருதம் எழுத நம்ம ஊர்ல வெச்சிருந்த கிரந்த எழுத்து வழியா வந்ததுதானே அப்போ நமக்கும் கூட்டெழுத்துக்கும் பெருசா உறவில்லன்னு முடிச்சிடுவாங்க. இந்திக்காரங்களும் மலையாளத்துக்காரங்களும் மெய்யோட மெய்ய இடிச்சு நசுக்கி புது உருவம் பண்ணிட்டே இருப்பாங்க, நாம புள்ளி வெச்சமா போனமான்னு இருக்கோம், அது உண்மைதான். ஆனா கு, டி, தூ, மூ இதெல்லாம் கொஞ்சம் நின்னு பாருங்க. ட-வும் இ-யும் சேர்ந்து டி ஆகுறப்போ ட எங்க முடியுது, சுழி எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டு பிரிக்க முடியுமா? அதுவும் ஒட்டெழுத்துதான். சின்ன வயசுலயே பழகிட்டதால ஒட்டு கண்ணுக்கு தெரியறதில்ல, அவ்ளோதான்.

இந்த கைடுல நாலஞ்சு வேலை செய்யப் போறோம். இருக்கிற ஒட்ட பிரிச்சு பாக்குறது, போலி ஒட்ட கண்டுபிடிக்கிறது, வழக்கொழிஞ்ச ஒட்ட திரும்ப எழுதுறது, கடைசில நம்ம பேருக்கு நாமளே ஒரு ஒட்டு வரையறது. ஒரு போன், முடிஞ்சா ஒரு கம்ப்யூட்டர், கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ரப்பர் இருந்தா போதும். காசு செலவு எதுவும் இல்ல.

பேக்ஸ்பேஸ வெச்சு பிரிச்சு பாருங்க

முதல்ல சுலபமானது. போன்ல ஏதாவது நோட்ஸ் ஆப் திறந்து ஸ்ரீ-ன்னு அடிங்க. இப்போ பேக்ஸ்பேஸ ஒரே ஒரு தடவ தட்டுங்க. எழுத்து மொத்தமா போகாது, ஸ்ர-ன்னு ரெண்டா விரிஞ்சு நிக்கும். இன்னொரு தட்டு, ஸ். இன்னொண்ணு, ஸ. நாலாவது தட்டுக்குதான் காலியாகும். அதாவது நம்ம கண்ணுக்கு ஒரே உருவமா தெரியுற ஸ்ரீ, உள்ள நாலு துண்டு: ஸ, புள்ளி, ர, ஈ-யோட சுழி. இந்த நாலும் இதே வரிசையில வந்தா மட்டும் ஃபான்ட் அத ஒரே படமா மாத்தி காட்டும், ஒண்ணு குறைஞ்சாலும் ஒட்டு விட்டுடும். பைத்தான் தெரிஞ்சவங்க இதோட நீளத்த கேட்டு பாருங்க, நாலுன்னுதான் சொல்லும்.

க்ஷ-வுக்கும் அதே மாதிரி பண்ணுங்க, மூணு துண்டு வரும். சில கீபோர்டுல பேக்ஸ்பேஸே மொத்த எழுத்தையும் தூக்கிடும், அப்போ வேற ஆப்ல முயற்சி பண்ணுங்க. இன்னொரு வேடிக்கை, கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு முன்னாடி கர்சர வெச்சு டிலீட் கீ அடிச்சா பல இடத்துல முழு எழுத்தும் ஒரே அடியில போயிடும். பின்னாடி இருந்து வந்தா துண்டு துண்டா, முன்னாடி இருந்து வந்தா மொத்தமா.

குடும்ப எமோஜி இருக்குல்ல, அம்மா அப்பா குழந்தைன்னு ஒண்ணா நிக்கிறது, அதுவும் இதே டெக்னிக்தான். தனித்தனி ஆளுங்க, நடுவுல கண்ணுக்கு தெரியாத ஒரு ஜாயினர். சில ஆப்ல பேக்ஸ்பேஸ் அடிச்சா குழந்தை மட்டும் காணாம போகும். எழுத்த ஒட்ட யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல எண் குடுக்கிற பொது முறை) வெச்சிருந்த பசைய எமோஜிக்காரங்க எடுத்துட்டு போய் குடும்பம் நடத்திட்டு இருக்காங்க.

க்ஷ-வ உடைக்கிறது

ஒட்டுறதுக்கு ஜாயினர் இருக்குற மாதிரி ஒட்டாம தடுக்கவும் ஒரு ஆள் இருக்காரு. ஸீரோ விட்த் நான் ஜாயினர்னு பேரு. அகலமே கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, ரெண்டு எழுத்துக்கு நடுவுல நின்னுட்டு "ஒட்டாதீங்கப்பா"ன்னு சொல்றது மட்டும்தான் வேலை.

இது எதுக்கு வேணும்? ரிக்ஷா-ன்னு அடிச்சு பாருங்க. க், ஷ ரெண்டும் பக்கத்துல வந்த உடனே ஃபான்ட் கேக்காம கொள்ளாம ஒட்டிடும். லக்ஷ்மிக்கு அது அழகா இருக்கு, பரம்பரை பரம்பரையா அப்படித்தான் எழுதுறோம். ரிக்‌ஷாவுக்கும் ஆக்‌ஷனுக்கும் செலக்‌ஷனுக்கும் அந்த கிரந்த வேஷம் எனக்கு பொருந்தல, "ஆக்ஷன் ஹீரோ"ன்னு படிச்சா ஹீரோ பூணூல் போட்டுட்டு ஃபைட் பண்ற ஃபீல். இது என் ரசனைதான், சண்டைக்கு வராதீங்க.

எம்எஸ் வேர்டுல செய்யணும்னா க்-ன்னு அடிச்சிட்டு, அதுக்கு பக்கத்துலயே இடைவெளி விடாம 200 அடிச்சு கூடவே இங்கிலீஷ் சி எழுத்தையும் அடிச்சு, உடனே ஆல்ட் கீயும் எக்ஸ் கீயும் சேர்த்து தட்டுங்க. அந்த எண் மறைஞ்சு கண்ணுக்கு தெரியாதவர் வந்து உக்காந்துடுவாரு. அப்புறம் ஷ அடிங்க, ஒட்டாது. போன்ல இதுக்கு சுலபமான வழி, இந்த வரியில இருக்கிறத அப்படியே காப்பி பண்ணி வெச்சுக்கிறது: க்‌ஷ. கீபோர்டு செட்டிங்ல ஷார்ட்கட் வைக்கிற வசதி இருந்தா இதையே ஏதாவது ரெண்டெழுத்துக்கு மாத்தா போட்டுக்கலாம்.

இதுல ஒரு ரசமான விஷயம் கொம்பு. க்ஷேத்திரம்னு ஒட்டி எழுதினா கொம்பு மொத்த க்ஷ-வுக்கும் முன்னாடி போய் நிக்கும். க்‌ஷேத்திரம்னு உடைச்சு எழுதினா கொம்பு க்-க தாண்டி ஷ-வுக்கு பக்கத்துல வந்துடும். ரெண்டையும் பெரிய சைஸ்ல மேலயும் கீழயும் போட்டு பாருங்க. ஃபான்ட் எத ஒரு எழுத்துன்னு நினைக்குது, எத ரெண்டுன்னு நினைக்குதுன்னு கொம்பு காட்டிக் கொடுத்துடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆசாமி கண்ணுக்கு தெரியலன்னாலும் உள்ள இருக்காரு. பாஸ்வேர்டுல, ஃபைல் பேர்ல, ஃபார்ம்ல பேர் போடுற கட்டத்துல எல்லாம் இவர நுழைக்காதீங்க. தேடுறப்போ மாட்டாம போக வாய்ப்பிருக்கு, என்ன காரணம்னு கண்டுபிடிக்கவும் முடியாது.

இரட்டைப் பிறவி ஸ்ரீ

இது நண்பர்கள குழப்ப நல்ல ஐட்டம். ஸ்ரீ, ஶ்ரீ. ரெண்டும் ஒண்ணுதானே? இல்ல. முதல்ல இருக்கிறது நமக்கு தெரிஞ்ச ஸ-வுல ஆரம்பிக்குது, ரெண்டாவது ஶ-ங்கிற இன்னொரு கிரந்த எழுத்துல ஆரம்பிக்குது. சமஸ்கிருத மூலத்துப்படி பாத்தா ரெண்டாவதுதான் சரி. ஆனா அந்த ஶ யூனிகோடுக்குள்ள வந்ததே 2005-லதான், அதுக்குள்ள எல்லாரும் ஸ போட்டே கோடிக்கணக்கான இடத்துல அடிச்சு வெச்சாச்சு. அதனால ஃபான்ட் செய்றவங்க ரெண்டு வரிசைக்கும் ஒரே படத்த காட்ட வெச்சுட்டாங்க.

விளையாட்டு இதுதான். ஒரு பத்தியில ஸ்ரீரங்கம், ஸ்ரீதர், ஸ்ரீவில்லிபுத்தூர்னு கலந்து எழுதி சிலத இப்படியும் சிலத அப்படியும் போடுங்க. நண்பர்கிட்ட குடுத்து "எத்தனை ஸ்ரீ இருக்குன்னு தேடல்ல போட்டு சொல்லு"ன்னு கேளுங்க. கண்ணால எண்ணினா ஒரு கணக்கு, கன்ட்ரோல் எஃப் போட்டா வேற கணக்கு வரும். பேக்ஸ்பேஸ் வித்தைய இப்போ அவருக்கும் சொல்லிக் குடுங்க.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு போனா கல்வெட்ட ஒரு தடவ நின்னு பாருங்க. தமிழ் கல்வெட்டுதான், ஆனா ஆரம்பத்துல வர்ற ஸ்வஸ்தி ஸ்ரீ கிரந்தத்துல இருக்கும், அதுக்கப்புறம் தமிழ் எழுத்துக்கு மாறும். கிரந்தத்துல மெய்ய மெய் மேல அடுக்கி எழுதுவாங்க, ஒரே வரியில எழுத்தோட குணமே மாறுறத நேர்ல பாக்கலாம். அந்த அடுக்குல தப்பிச்சு நம்ம கீபோர்டு வரைக்கும் வந்து சேர்ந்ததுதான் இந்த க்ஷ-வும் ஸ்ரீ-யும். 1999-ல வந்த தமிழ்99 கீபோர்டுல கூட ஷிஃப்ட் புடிச்சு அடிக்க இவங்க ரெண்டு பேருக்கும் தனித்தனி கீ குடுத்து மரியாதை பண்ணியிருக்காங்க.

போலி ஒட்டு

இது விளையாட்டும் உண்டு, உபயோகமும் உண்டு. ஒட்டாத எழுத்துங்க ஒட்டின மாதிரி நடிக்கிற கேஸ்.

கௌதம், கெளதம். ஒண்ணுல இருக்கிறது ஔகாரக் குறி, இன்னொண்ணுல கெ-வும் ள-வும் பக்கத்து பக்கத்துல நிக்குது, நல்லா படிச்சா கெ-ள-தம், கிளியில வர்ற அதே ள. நிறைய ஃபான்ட்ல வித்தியாசமே தெரியாது, அதனால பத்திரிகை, போஸ்டர், சினிமா டைட்டில்னு எல்லா இடத்துலயும் கெளதம்கள் உலாவுறாங்க. கண்டுபிடிக்க அதே பேக்ஸ்பேஸ்தான்: கௌ-வுல ஒரு தட்டு தட்டினா க மிஞ்சும், கெள-வுல கெ மிஞ்சும். போன்ல சத்தமா படிக்க சொன்னாலும் மாட்டிக்கும், மிஷின் ஒளிவுமறைவில்லாம கெ-ள-ன்னு படிச்சிடும். ஔவையார்லயும் இதே கதை, ஒ-வும் ள-வும் தனித்தனியா அடிச்சு ஒளவையார் ஆக்கி வெச்சிருப்பாங்க.

இன்னொரு பெரிய போலி தூ. துாத்துக்குடின்னு இருக்கும், பாத்தா சரியாத்தான் தெரியும், ஆனா உள்ள து அடிச்சு பக்கத்துல ஒரு கால நட்டு வெச்சிருப்பாங்க. பழைய ஃபான்ட்ல அடிச்சத யூனிகோடுக்கு மாத்துறப்போ நிறைய இப்படி ஆயிடுது. சில ஃபான்ட்ல அந்த காலுக்கு முன்னாடி ஒரு புள்ளி வட்டம் எட்டிப் பாக்கும், அதான் ஃபான்ட் கத்துற கத்தல்.

உங்க ஊர் பேர், உங்க பேர், நீங்க வேலை செய்ற இடத்து பேர் இதுல ஔ, தூ, நூ இருந்தா இன்டர்நெட்ல ரெண்டு விதமாவும் தேடி பாருங்க. தேடினது கிடைக்காம இருந்ததுக்கு காரணம் இப்போ தெரியும்.

உகரத்துக்கு மூணு குடும்பம்

இப்போ போன கீழ வைங்க, நோட்ட எடுங்க. க-வுல ஆரம்பிச்சு ன வரைக்கும் பதினெட்டு மெய்க்கும் உகரம் எழுதுங்க: கு ஙு சு ஞு டு ணு து நு பு மு யு ரு லு வு ழு ளு று னு. எழுதிட்டு கீழ்பாதிய மட்டும் பாருங்க. எல்லாத்துக்கும் ஒரே குறின்னு நினைச்சிருப்போம், ஆனா மூணு விதமா ஒட்டுது.

ஙு, சு, பு, யு, வு அஞ்சுக்கும் கோடு நேரா கீழ இறங்கும், அவ்ளோதான். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழ போய் வலது பக்கமா மேல ஏறி நிக்கும். மிச்சம் இருக்கிற கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் வளைஞ்சு சுத்தி வரும், அதுலயும் கு கொஞ்சம் தனி ரகம், தன் இஷ்டத்துக்கு பெரிய வளையமா போகும். ஏன் இப்படி? ஒவ்வொரு எழுத்தும் பேனா எங்க முடியுதோ அங்க இருந்துதான் அடுத்த கோடு கிளம்பும். கைய எடுக்காம எழுதினா எந்த வளைவு சுலபமா வருமோ அது நாளடைவுல நிலைச்சிடுது. ஓலையில எழுத்தாணி ஓடின காலத்துல இருந்து கை கண்டுபிடிச்ச வழி அது.

அதுக்கு நேர் எதிர் ஜு, ஸு, ஷு, ஹு. இங்க உகரம் ஒட்டவே ஒட்டாது, எழுத்துக்கு வலது பக்கம் தனியா ஒரு குறி போட்டு நிக்கும்.

குழந்தைங்க வீட்ல இருந்தா இத ஒரு கேமா ஆடலாம். எழுத்தோட மேல்பாதிய ஒரு பேப்பரால மறைச்சிட்டு வெறும் வாலை காட்டி என்ன எழுத்துன்னு கேளுங்க. அப்புறம் ஊகாரத்துக்கு போங்க. கூ, சூ, டூ, தூ, பூ, இங்க குடும்பங்க இன்னும் பிரியும், அத நான் இங்க எழுதல, நீங்களே எழுதி பிரிச்சு பாருங்க, அதுலதான் சுவாரஸ்யம்.

தும்பிக்கை எழுத்த திரும்ப எழுதுறது

தாத்தா பாட்டியோட பழைய கடிதம், 70-கள்ல அடிச்ச புத்தகம் ஏதாவது வீட்ல கிடந்தா எடுத்துட்டு வாங்க. அதுல யானை, மலை, தலை இந்த மாதிரி வார்த்தைய தேடுங்க. னை, லை, ணை, ளை நாலுக்கும் இப்போ நாம போடுற ரெட்டை சுழி கொம்பு இருக்காது, எழுத்தோட இடது பக்கத்துல கோடு மேல எழும்பி வளைஞ்சு எழுத்தோடயே ஒட்டியிருக்கும். தும்பிக்கைன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். யானைங்கிற வார்த்தைக்குள்ளயே தும்பிக்கை இருந்த காலம் அது. அதே மாதிரி ணா, றா, னா மூணுக்கும் தனியா கால் கிடையாது, கடைசி கோடே நிக்காம சுருண்டு சுழியா முடியும்.

பெரியார் 1935-லயே குடிஅரசு பத்திரிகையில இந்த ஒட்டெல்லாம் எடுத்துட்டு மத்த எழுத்து மாதிரியே கால், கொம்பு போட்டு அச்சடிக்க ஆரம்பிச்சாரு. தமிழ்நாடு அரசு 1978-ல, எம்ஜிஆர் ஆட்சியில, அத ஆணையா போட்டுச்சு. மாறினது மொத்தம் 13 எழுத்து: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, அப்புறம் ணை, லை, ளை, னை. படிக்கிற குழந்தைக்கும் அச்சு கோக்கிறவங்களுக்கும் டைப் அடிக்கிறவங்களுக்கும் அது பெரிய நிம்மதி, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா அழகுக்காக, கையெழுத்துக்காக, ஒரு கடை போர்டுக்காக பழசு எழுத ஆசைப்பட்டா தாராளமா எழுதலாம், யாரும் அடிக்க வரமாட்டாங்க.

எழுதி பழக நான் சொல்ற வரிசை: லை-ல ஆரம்பிங்க. முதல்ல சாதாரண ல எழுதுங்க. அடுத்து அதே ல-வ எழுதுறதுக்கு முன்னாடி, இடது பக்கம் மேல இருந்து வளைவ ஆரம்பிச்சு கைய எடுக்காம ல-வோட சுழிக்குள்ள இறங்குங்க. ரெண்டும் ஒரே இழுப்புல வரணும், தனியா ஒரு கொக்கி மாட்டின மாதிரி தெரிஞ்சா இன்னும் பழகணும். லை வந்துட்டா னை, ணை தானா வரும். ளை-க்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேணும். பழைய புத்தகத்துல இருக்கிறத பக்கத்துல வெச்சு பாத்து எழுதுங்க, நினைவுல இருந்து எழுதாதீங்க, அச்சுக்கு அச்சு வளைவு கொஞ்சம் மாறும்.

இத ஃபான்ட்லயே கொண்டு வரலாமான்னு கேக்குறவங்களுக்கு: வரலாம். யூனிகோடுல பழைய வடிவத்துக்கு தனி இடம் கிடையாது, தேவையும் இல்ல, உள்ள இருக்கிற எழுத்து அதேதான், ஃபான்ட் எப்படி காட்டணும்ங்கிறதுதான் விஷயம். ஃபான்ட் செய்ற ஃபான்ட்ஃபோர்ஜ் மாதிரி இலவச சாஃப்ட்வேர் போதும். இங்க ஒரு சந்தோஷமான கணக்கு இருக்கு, 13 எழுத்து மாறிச்சுன்னாலும் நீங்க வரைய வேண்டியது ஏழே ஏழு படம்தான். ணை, லை, ளை, னை நாலு, ணா, றா, னா மூணு. ணொ-ங்கிறது முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி பழைய ணா, அவ்ளோதானே, ஃபான்ட் அத தானா சேர்த்துக்கும். ஒரு நுணுக்கம் மட்டும் ஞாபகம் வைங்க: எந்த எழுத்துங்க சேர்ந்தா எந்த படத்த காட்டணும்னு ஃபான்ட்ல விதி எழுதுறப்போ ணை-க்கு ண முதல்ல, ஐகாரக் குறி அப்புறம்னு போட்டா வேலை செய்யாது. ஒட்டு போடுற நேரத்துக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் அந்த குறிய தூக்கி முன்னாடி வெச்சிடும், அதனால குறி முதல்ல, ண அப்புறம்னு எழுதணும். ஆன்லைன்ல கிடைக்கிற பாடமெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கு எழுதினது, அதுல லிகான்னு ஒரு வசதிய போட சொல்வாங்க, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் எழுத்த கோத்து காட்ட உபயோகிக்கிற ஹார்ஃப்பஸ்ங்கிற சாஃப்ட்வேர் அத தமிழுக்கு அணைச்சு வெச்சிருக்கு. இந்திய எழுத்துங்களுக்குன்னே இருக்கிற வசதிங்கள்ல போடுங்க.

மலையாளத்துல 1971-ல அரசு எழுத்த சீர்திருத்தி நிறைய கூட்டெழுத்த உடைச்சுது, ஆனா 1999-ல ரசனான்னு ஒரு கூட்டம் கிளம்பி பழைய கூட்டெழுத்த எல்லாம் கம்ப்யூட்டர் ஃபான்ட்ல திரும்ப கொண்டு வந்துட்டாங்க, இப்போ ரெண்டும் ஓடுது. நமக்கு ஏழு படம்தான், அவங்களுக்கு நூத்துக்கணக்குல.

கணக்குப்பிள்ளை ஒட்டு

கல்யாண பத்திரிகையில "நிகழும் மங்களகரமான விசுவாவசு ௵ தை ௴ 12 ௳"ன்னு பாத்திருப்பீங்க. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். இதோட ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். எழுதி எழுதி அலுத்துப்போன கை முழு வார்த்தைய ஒரே உருவமா சுருக்கினதுதான் இதெல்லாம். பத்திரம் எழுதுறவங்க ௸ ஒண்ண வெச்சே பக்கம் பக்கமா ஓட்டுவாங்க, ௸ சொத்து, ௸யார்னு. 2003-ல இருந்து இதெல்லாம் யூனிகோடுல இருக்கு, இங்க இருந்தே காப்பி பண்ணிக்கோங்க.

செஞ்சு பாக்க ஒரு யோசனை: இந்த மாச மளிகை கணக்க இதுலயே எழுதுங்க. ௷ ௹5000, ௶ பருப்பு ௹180, ௸ கடை எண்ணெய் ௹210. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டா பெரியவங்க யாராவது ஒருத்தர் கட்டாயம் உணர்ச்சிவசப்பட்டு வாய்ஸ் நோட் அனுப்புவாங்க. முந்திரி, மாகாணி மாதிரி பழைய பின்னங்களும் 2019-ல யூனிகோடுக்குள்ள வந்தாச்சு, ஆனா அத காட்ட பெரும்பாலான போன்ல ஃபான்ட் இல்ல, கட்டம் கட்டமா தெரியும், கூகிளோட இலவச நோட்டோ ஃபான்ட் வரிசையில அதுக்குன்னே ஒரு ஃபான்ட் இருக்கு, வேணும்னா போட்டுக்கலாம்.

உங்க பேர ஒட்டுங்க

இப்போ மெயின் ஐட்டம். பேர் எழுதுற மோனோகிராம், கடை லோகோ, பத்திரிகை தலைப்பு எதுக்கும் இதே முறைதான். ஒட்டு எங்க பிறக்குதுன்னா ரெண்டு எழுத்து ஒண்ண ஒண்ணு இடிக்கிற இடத்துல. இங்கிலீஷ்ல எஃப்-போட வளைவு பக்கத்துல வர்ற ஐ-யோட புள்ளிய இடிக்கும், ஈய அச்சுல அது உடைஞ்சே போகும், அதனால ரெண்டையும் சேர்த்து ஒரே அச்சா வார்த்தாங்க. (துருக்கிக்காரங்களுக்கு இது பிடிக்காது, அவங்க மொழியில புள்ளி வெச்ச ஐ வேற, வெக்காத ஐ வேற, ஒட்டு புள்ளிய முழுங்கிட்டா வார்த்தையே மாறும்.) குட்டன்பர்க் பைபிளுக்கு கிட்டத்தட்ட 290 அச்சு செஞ்சாருன்னு சொல்வாங்க, அதுல ஒட்டும் சுருக்கமும் நிறைய, வரிங்க எல்லாம் ஒரே நீளத்துல முடியணும்ங்கிறதுக்காக. நாம தினமும் போடுற & கூட லத்தீன்ல எட்-ங்கிற ரெண்டெழுத்து ஒட்டினதுதான்.

தமிழுக்கு வருவோம். கட்ட நோட்டுல உங்க பேர பெருசா எழுதுங்க, நேர் கோடு எங்கெல்லாம் இருக்குன்னு பாருங்க. வலது பக்கம் நேர் கோடுல முடியுற எழுத்து: ப, ண, ன, கால். இடது பக்கம் நேர் கோடுல ஆரம்பிக்கிறது: ப, ம, ய, ட, ர, ழ, கால். முதல் லிஸ்ட் எழுத்துக்கு பின்னாடி ரெண்டாவது லிஸ்ட் எழுத்து வந்தா அடிச்சது லக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே கோடு போதும். படம்-ல ப-வோட வலது கோடே ட-வோட இடது கோடு. பரத், பட்டு, கண்மணி, மனம் எல்லாத்துலயும் இது நடக்கும். எனக்கு பிடிச்சது அன்பு: ன்-னும் பு-வும் ஒரே கோட்டுல தொங்கும், பு-வோட வால் கீழ இறங்குறதால மொத்த வார்த்தைக்கும் ஒரு பிடிப்பு கிடைக்கும். நண்பன்-ல ண்ப ஒட்டும், ப-வுக்கு அடுத்த ன சுழியில ஆரம்பிக்கிறதால அங்க ஒட்டாது, வலுக்கட்டாயமா ஒட்டாதீங்க.

நேர் கோடு இல்லாத பேரா? அடுத்த வழி வாலையும் வாலையும் கோக்கிறது. முருகன்-ல மு, ரு ரெண்டுக்கும் கீழ வளைவு இருக்கு, ஒண்ணோட வளைவ நீட்டி அடுத்ததுக்குள்ள விட்டா ஒரே கொடி மாதிரி ஓடும். மூணாவது வழி ஒண்ணுக்குள்ள ஒண்ண நுழைக்கிறது. இதுக்கு நம்ம வீட்லயே ஆயிரக்கணக்கான சாம்பிள் இருக்கு, ௐ. ஓ-வோட வளைவுக்குள்ள ம் போய் உக்காந்திருக்கு பாருங்க, காலண்டர், வண்டி கண்ணாடி, கோயில் கோபுர சீரியல் பல்புன்னு எல்லா இடத்துலயும் இருக்கிற தமிழ் கூட்டெழுத்து, அத யாரும் கணக்குலயே சேக்கறதில்ல. 2008-ல இருந்து யூனிகோடுலயும் தனி எழுத்தாவே இருக்கு. ஒ, ஓ, வ, ல, ஐ மாதிரி வயிறு பெருத்த எழுத்து பேர்ல இருந்தா உள்ள சின்ன எழுத்த வைக்க இடம் கிடைக்கும்.

க, ச, த மூணுக்கும் மேல படுக்கை கோடு இருக்கேன்னு எல்லாத்தையும் மேல ஒரே கோடா இழுத்து ஒட்ட கை பரபரக்கும். வேண்டாம். பாத்த உடனே இந்தி போர்டு மாதிரி தெரியும், தமிழ படிக்கிற கண்ணு ஒரு செகண்ட் தடுமாறும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம் ரெண்டு. ஒண்ணு புள்ளி. டிசைன் பண்றவங்களுக்கு புள்ளிய தூக்கிட்டா சுத்தமா இருக்கேன்னு தோணும், ஆனா புள்ளி இல்லாத அன்பு, அனபு. ஏட்டுல புள்ளி வைக்காம எழுதிட்டு போயிட்டாங்க, படிச்சு பதிப்பிச்சவங்க பட்ட பாடு தெரியும்ல. வட்டமா வேண்டாம்னா கட்டமா வைங்க, கோடா வைங்க, கலர் மாத்துங்க, ஆனா வைங்க. ரெண்டாவது கொம்பு. அது எந்த எழுத்தோட கொம்புன்னு குழப்பம் வரக்கூடாது, அதனால கொம்புக்கு முன்னாடி இருக்கிற எழுத்தோட அத ஒட்டவே ஒட்டாதீங்க, ஒட்டினா பின்னாடி இருக்கிற எழுத்தோட மட்டும்.

வரைஞ்சு முடிச்சதும் என்ன எழுதியிருக்குன்னு சொல்லாம வேற யாருகிட்டயாவது காட்டுங்க. டக்குனு படிச்சா ஓகே. "அழகா இருக்கு"ன்னு சொல்லிட்டு படிக்காம விட்டாங்கன்னா ஒரு ஒட்ட பிரிங்க, திரும்ப காட்டுங்க. சொந்தக்காரங்ககிட்ட காட்டி பிரயோஜனம் இல்ல, அவங்களுக்கு உங்க பேர் ஏற்கனவே தெரியும்.

பென்சில்ல திருப்தி ஆனதும் போட்டோ எடுத்து இங்க்ஸ்கேப்-ங்கிற இலவச வரையற சாஃப்ட்வேர்ல போட்டு அது மேலயே கோடு இழுங்க. ரெண்டு எழுத்தும் பங்கு போட்டுக்கிற கோட்ட ரெண்டு தடவ வரையாதீங்க, ஸ்டிக்கர் வெட்டுற மிஷின் அந்த இடத்துல ரெண்டு தடவ வெட்டும். எஸ்விஜியா (பெருசாக்கினாலும் உடையாத பட ஃபைல்) சேவ் பண்ணி வெச்சுக்கிட்டா டீ-ஷர்ட், ஸ்டிக்கர், போர்டு எதுக்கும் சைஸ் மாத்தலாம். இன்டர்நெட்ல படமா போடுறப்போ கூடவே மாற்று எழுத்து கட்டத்துல பேர சாதாரணமா டைப் பண்ணிடுங்க, ஸ்கிரீன் ரீடர் உபயோகிக்கிறவங்களுக்கும் தேடுறவங்களுக்கும் உங்க ஒட்டு தெரியாது. டைப் பண்றப்போ பேர்ல கௌ இருந்தா ஒரு தட்டு பேக்ஸ்பேஸ் அடிச்சு பாத்துட்டு போடுங்க.